கணினிப் பெட்டியில் ஐந்து காலி இடங்கள்

எங்கள் தமிழ்த்துறையின் பின்னறையில், பழைய வினாத்தாள் கட்டுகளுக்கும் கால் முறிந்த நாற்காலிக்கும் இடையே, மேசைக் கணினி ஒன்று பல ஆண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் துறைக்கு வந்தது அது. அப்போது நாங்கள் அதே துறையில் முதுகலை மாணவர்கள். அதன்மேல் போர்த்தியிருந்த உறையை நீக்கவே துறைத்தலைவரின் அனுமதி வேண்டியிருந்தது. சென்ற ஆண்டு, பயன்படாப் பொருள்களைக் கழிப்பதற்குப் பட்டியல் கேட்டு அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தபோது, ஆய்வக உதவியாளர் முதல் வரியிலேயே அதைச் சேர்த்துவிட்டார்.

"ஐயா, காயலான் கடைக்காரன் எடைக்குத்தான் எடுப்பான். தூக்கிடலாமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று சொல்ல நேர்ந்ததற்குக் காரணம், அலமாரியின் அடித்தட்டில் கிடந்த பன்னிரண்டு நெகிழ்வட்டுகள். சுற்றுவட்டார ஊர்களில் நாங்கள் மாணவர்களாய் அலைந்து திரட்டிய தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் அவற்றில் இருந்தன. ஒலிநாடாக்கள்மேல் யாரோ ஆண்டுவிழா நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்கள். கையெழுத்துக் குறிப்பேடுகளைக் கரையான் தின்றது. பாடிய மூதாட்டியரில் இன்று ஒருவரும் இல்லை. ஆக, அந்தப் பாடல்கள் இருப்பதாயின் அந்த வட்டுகளில்தான் இருந்தாக வேண்டும். அவற்றைப் படிக்கும் வாய் இந்தப் பெட்டி ஒன்றுக்குத்தான் இருந்தது.

மின்னிணைப்புக் கொடுத்துப் பொத்தானை அழுத்தினோம். விசிறி இருமியது, சற்றுநேரத்தில் திரை ஒளிர்ந்தது. அன்றைய தேதியாக அது காட்டியது 1980 ஜனவரி 1. தாய்ப்பலகையில் ஓர் உருபாய் அளவுள்ள மின்கலம் உண்டு. கணினி அணைந்திருக்கும்போதும் நாளையும் பொழுதையும் எண்ணிக்கொண்டிருக்கும் கடிகாரத்துக்கு அதுவே உயிர். கலம் செத்துப்போனதால் காலம் தொடக்கத்துக்குத் திரும்பிவிட்டது. டாஸ் என்னும் இயக்கமுறைமையின் நாட்காட்டி 1980 ஜனவரி 1இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய நாள் எதையும் அது அறியாது. அந்த இயக்கமுறைமை எந்தக் கணினிக்காக உருவாயிற்றோ அது விற்பனைக்கு வந்ததோ 1981இல். பிறப்பதற்கு முந்தைய ஆண்டிலிருந்து தன் வயதை எண்ணிக்கொள்ளும் பொறி!

பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றி உள்ளே பார்த்தோம். பேராசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என்று உதவியாளர் நினைத்திருக்கக்கூடும். சுவடியின் ஏட்டைப் புரட்டுகையில் இடைச்செருகலும் பாடபேதமும் கண்ணில் படுவதைப்போல, அந்தப் பெட்டிக்குள்ளும் காலப்படிவுகள் கண்ணில் பட்டன. அவற்றைப் பின்தொடர்ந்து சென்ற கதையை இங்கே எழுதுகிறோம்.

*

1980ஆம் ஆண்டின் நடுப்பகுதி. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் போகா ரடோன் என்னும் கடற்கரை ஊர். ஐபிஎம் நிறுவனத்தின் அவ்வூர்ப் பிரிவுக்குத் தலைவராயிருந்த வில்லியம் லோ, ஓராண்டுக்குள் தனியாள் கணினி ஒன்றை உருவாக்கித் தருவதாக மேலிடத்துக்கு வாக்களித்தார். அறைகளை அடைக்கும் பெருங்கணினிகளைச் செய்து, ஒவ்வொரு திருகையும் தன் பட்டறையிலேயே வார்த்துப் பழகிய நிறுவனம் ஐபிஎம். அதன் வழக்கமான நடைமுறையில் ஓராண்டு என்பது குழுக்கூட்டங்களுக்கே போதாது. எனவே, டான் எஸ்ட்ரிட்ஜ் என்பவரின் தலைமையில் இயங்கிய சிறு குழு ஒரு குறுக்குவழியைக் கையாண்டது: உறுப்புகளை வெளியில் வாங்கிக் கோப்பது.

அப்படியே நடந்தது. மையச் செயலி இன்டெல் நிறுவனத்தின் 8088. நெகிழ்வட்டு இயக்கி டாண்டன் நிறுவனத்துடையது. அதன் நிறுவனர் இந்தியாவில் பிறந்து கலிஃபோர்னியாவில் குடியேறியவர் என்பதை இங்கே சொல்லிவைக்கலாம். அச்சுப்பொறி ஜப்பானின் எப்சன் செய்தது. திரையை ஆளும் சில்லு மோட்டோரோலாவின் 6845. இயக்கமுறைமை, அன்று சிறு நிறுவனமாயிருந்த மைக்ரோசாஃப்டிடமிருந்து. 1981 ஆகஸ்ட் 12ஆம் நாள் அறிவிக்கப்பட்ட அக்கணினிக்கு ஐபிஎம் இட்ட எண் 5150. மிகக் குறைந்த விலை 1,565 டாலர். அந்த விலைக்குக் கிடைத்த நினைவகம் 16 கிலோபைட். வட்டு இயக்கி கிடையாது. தரவைச் சேமிக்க வேண்டுமானால், பாட்டுக் கேட்கும் கேசட் கருவியை இணைத்துக்கொள்ள ஒரு துளை இருந்தது. எங்கள் துறைக் கணினியின் நினைவகம் 64 மெகாபைட். அதாவது 4,096 மடங்கு.

8088 என்னும் செயலியைத் தேர்ந்த விதம் சுவையானது. உள்ளே 16 துகள்களை ஒருசேரக் கையாளும் அந்தச் சில்லு, வெளியுலகோடு பேசும்போது எட்டெட்டாகத்தான் பேசும். பதினாறு பேர் அமரும் கூடத்துக்கு எட்டுப் பேர் மட்டும் நுழையும் வாசலை வைத்ததைப் போன்றது. குறைபாடாகத் தோன்றும் இதுவே அன்றைக்கு வசதியாயிற்று. எட்டுத் துகள் காலத்து மலிவான துணைச் சில்லுகளையெல்லாம் அப்படியே பயன்படுத்திக்கொள்ள முடிந்தது. ஏறத்தாழ 29,000 டிரான்சிஸ்டர்கள் கொண்ட அந்தச் சில்லின் மரபிலேயே எங்கள் பெட்டியின் பென்டியம் 3 வருகிறது. இன்று மேசைமேல் இருக்கும் பெரும்பாலான இன்டெல், ஏஎம்டி செயலிகளும் அதே குலத்தவைதாம்.

தாய்ப்பலகையின் ஓரத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு சிறு உலோகக் குப்பி தென்பட்டது. மேலே பொறித்திருந்த எண் 14.318. இது குவார்ட்ஸ் படிகம். நொடிக்கு ஒரு கோடியே 43 இலட்சம் முறைக்குமேல் அதிர்ந்து மற்ற உறுப்புகளுக்குத் தாளம் தருவது. ஏன் இந்த எண்? ஒரு முழு எண்ணாக வைத்திருக்கலாகாதா? 1981ஆம் ஆண்டுக் கணினியை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடும் இணைக்க முடிய வேண்டும் என்று விரும்பினார்கள். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கு 1953இல் வகுத்த தரத்தில், வண்ணத்தைச் சுமக்கும் அலையின் எண் 3.579545 மெகாஹெர்ட்ஸ். அதன் நான்கு மடங்கே இந்தப் படிகம். இதை மூன்றால் வகுத்துச் செயலிக்குக் கொடுத்தார்கள், 4.77 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. 8088 சில்லு 5 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது. இரண்டாவது படிகம் வைக்கும் செலவு மிச்சம் என்று கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தார்கள். அதே அதிர்வைப் பன்னிரண்டால் வகுத்து நேரங்காட்டும் சில்லுக்குத் தந்தார்கள். டாஸ் காலத்துக் கடிகாரம் நொடிக்கு 18.2 முறை துடித்தது இதனால்தான். ஐம்பதுகளின் அமெரிக்கக் கூடங்களில் ஓடிய வண்ணத் தொலைக்காட்சி, எங்கள் பின்னறையில் 2000ஆம் ஆண்டுக் கணினிக்கும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எதுகைக்காக வைத்த சொல் பொருளையே திசைமாற்றிவிடுவதைச் செய்யுளில் பார்த்திருக்கிறோம். பொறியியலிலும் அது நடக்கும்போலும்.

*

வெளியில் வாங்கிய உறுப்புகளைவிடப் பெரிய முடிவு ஒன்றை அந்தக் குழு எடுத்தது. தாய்ப்பலகையில் ஐந்து இடங்களை வெறுமையாக விட்டது. ஸ்லாட் என்று கடைக்காரர்கள் சொல்லும் செருகுவாய்கள். ஒவ்வொன்றிலும் 62 தொடுமுனைகள். திரைக்கு ஓர் அட்டை, வட்டுக்கு ஓர் அட்டை என்று வேண்டியதைச் செருகிக்கொள்ளலாம். மின்சுற்று வரைபடங்களையும், கணினி விழித்தெழும்போது முதலில் ஓடும் பயாஸ் என்னும் நிரலையும் வரிவரியாக அச்சிட்டு, தொழில்நுட்பக் கையேடாக விற்கவும் செய்தது. யார் வேண்டுமானாலும் அட்டை செய்யலாம். ஐபிஎம்மிடம் கேட்க வேண்டியதில்லை.

இதன் விளைவு ஐபிஎம் எதிர்பாராதது. உறுப்புகள் எல்லாம் கடையில் கிடைப்பவை. பயாஸ் ஒன்றுதான் பதிப்புரிமைக்கு உட்பட்டது. 1982இல் தோன்றிய காம்பாக் நிறுவனம் அதையும் கடந்தது. பயாஸ் என்னென்ன செய்கிறது என்று ஒரு குழு விவரித்து எழுதியது. ஐபிஎம்மின் நிரலைக் கண்ணாலும் பார்த்திராத வேறொரு குழு அந்த விவரத்தை வைத்துப் புதிதாக நிரல் எழுதியது. மூலத்தைப் பாராமல், உரையை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்துக்கு நிகரான நூலை ஆக்குவதற்கு ஒப்பான காரியம். சட்டம் அதை ஏற்றது. காம்பாக்கின் கணினி 1983இல் 11 கோடி டாலருக்குமேல் விற்றது. அடுத்த ஆண்டில் ஃபீனிக்ஸ் நிறுவனம் தான் எழுதிய பயாஸை யாருக்கு வேண்டுமானாலும் விற்கத் தொடங்கிற்று. பிறகு நகல்களுக்குக் கணக்கில்லை.

ஐபிஎம் 1987இல் கதவைச் சாத்தப் பார்த்தது. அவ்வாண்டு ஏப்ரலில் வந்த பிஎஸ்/2 வரிசைக் கணினிகளில் பழைய செருகுவாயை நீக்கி, உரிமத்தொகை செலுத்தினால்தான் பயன்படுத்தலாம் என்ற புதிய செருகுவாயை வைத்தது. போட்டி நிறுவனங்கள் ஒன்பது சேர்ந்து 1988இல் மாற்றுத்தரம் ஒன்றை அறிவித்தன. ஐபிஎம்மின் புதிய வாய் வழக்கொழிந்தது. பழைய வாய் மேலும் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தது. எங்கள் பெட்டியில், வெள்ளை நிறப் பிசிஐ செருகுவாய்களுக்குப் பக்கத்தில், கறுப்பாக, நீளமாக, ஒன்று தனியே இருந்தது. 1981இன் அந்த 62 முனைகளோடு 1984இல் சேர்த்த 36 முனைகளும் கொண்டது. அதில் எந்த அட்டையும் செருகப்பட்டதில்லை. பிஎஸ்/2 கணினிகள் மறைந்தாலும் அவற்றின் சின்னஞ்சிறு வட்டத் துளைகள் மட்டும் எஞ்சின. பெட்டியின் பின்புறம் விசைப்பலகைக்கு ஊதா, சுட்டிக்குப் பச்சை என்று நாம் பார்த்துப் பழகியவை அவைதாம்.

இன்னொரு படிவையும் சொல்லாமல் போக மனமில்லை. 8088இல் முகவரிக் கம்பிகள் இருபது. ஆகவே அதனால் எட்ட முடிந்த நினைவகம் ஒரு மெகாபைட். அந்த எல்லையைக் கடந்து எழுதினால் முகவரி சுழன்று தொடக்கத்துக்கே வந்துவிடும். சில நிரல்கள் இந்தச் சுழற்சியை நம்பி எழுதப்பட்டிருந்தன. 1984இல் 80286 செயலியோடு ஏடி கணினி வந்தபோது கம்பிகள் 24 ஆயின; சுழற்சி நின்றது; அந்த நிரல்கள் தடுமாறின. இருபத்தோராவது கம்பியை வேண்டும்போது அடைத்துவைக்க ஒரு கதவு தேவைப்பட்டது. எங்கே வைப்பது? விசைப்பலகையைக் கவனிக்கும் சில்லில் ஒரு கால் வேலையின்றி இருந்தது. அதைக் கொண்டுபோய் நினைவகக் கதவுக்குக் காவல் வைத்தார்கள்! பென்டியம் 3 சில்லிலும் அந்தக் கதவுக்கென ஒரு கால் தொடர்ந்தது. உரையாசிரியர்கள் இதைக் கண்டிருந்தால் 'வழுவமைதி' என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள்.

*

இனி எழுத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

1981ஆம் ஆண்டுக் கணினிக்கு ஐபிஎம் விற்ற ஒருநிறத் திரை அட்டை, ஒரு வரியில் 80 எழுத்தாக 25 வரிகளைக் காட்டியது. மொத்தம் 2,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பைட்: எந்த எழுத்து என்பதற்கு ஓர் எண்; அது அடிக்கோடிட்டதா, மின்னுவதா என்பதற்கு ஒன்று. ஆகவே அட்டையில் 4 கிலோபைட் நினைவகமே போதுமாயிருந்தது. எழுத்தின் வடிவம் அந்த நினைவகத்தில் இல்லை என்பதை வாசகர்கள் கருத வேண்டும். அங்கே இருப்பது எண் மட்டும். வடிவங்கள், மாற்ற முடியாதபடி ஆலையிலேயே பொறிக்கப்பட்ட வேறொரு சில்லில், 256 உருக்களாக உறைந்திருந்தன. 65 என்ற எண் வந்தால் அந்தச் சில்லைப் புரட்டி, ரோமன் முதலெழுத்தைத் திரையில் வரையும்.

அச்சுக்கூடங்களில் எழுத்துக் கோப்பவரின் முன்னால் சாய்ந்திருக்கும் அறைப்பெட்டியைப் பழைய சிற்றிதழ்க்காரர்கள் அறிவார்கள். அந்தப் பெட்டியில் ஓர் அறை காலியானால் வேறு எழுத்தை இட்டு நிரப்பலாம். ஐபிஎம் அட்டையின் பெட்டியோ மூடி ஆணியடிக்கப்பட்டது. அந்த 256 அறைகளில் ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகள் இருந்தன. கிரேக்க எழுத்துகள் சில இருந்தன. கட்டம் போடுவதற்கான கோடுகள், ஸ்பெயினின் பெசெட்டா நாணயத்துக்குக் குறி, சிரிக்கும் முகங்கள் இரண்டு, சீட்டாட்டத்தின் ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் நான்கும் இருந்தன. தமிழுக்கு ஓர் அகரமும் இல்லை. தேவநாகரிக்கும் இல்லை, அரபுக்கும் இல்லை, தாய்லாந்து மொழிக்கும் இல்லை. யாரும் வஞ்சித்ததாக இதைச் சொல்லவில்லை. போகா ரடோனில் அவசரத்தில் வேலை செய்தவர்களுக்கு எதிரில் நின்ற வாங்குநர்கள் அமெரிக்க அலுவலகங்களும் வீடுகளும்தாம். ஆயினும் ஒரு சில்லில் உறைந்துவிட்ட முடிவு, முடிவெடுத்தவர் மனம் மாறினாலும் மாறுவதில்லை.

இடம் கொடுத்திருந்தாலும் தமிழ் அதில் அமர்ந்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஒரு கட்டத்தின் அகலம் 9 புள்ளி, உயரம் 14. வண்ணத் திரை அட்டையில் இன்னும் மோசம்: எட்டுக்கு எட்டு. மூன்று சுழி ணகரத்தையும் ஙகரத்தையும் எட்டுப் புள்ளி அகலத்தில் வரைந்து பார்ப்பவர்களுக்கு இது விளங்கும். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதால் ணா, றா, னா, லை, ளை முதலிய கூட்டுவடிவங்கள் பிரிந்து சுமை சற்றே குறைந்தது. என்றாலும் உகர, ஊகார வரிசைகளில் மட்டும் 36 தனித்தனி உருவங்கள் எஞ்சி நின்றன.

அந்த ஐந்து காலி இடங்கள் உதவிக்கு வந்தது இங்கேதான். தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல் என்ற ஆய்வாளர் கலிஃபோர்னியாவில் இருந்தார். தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய்மொழி எழுத்தில் ஐபிஎம் கணினியில் எழுத விரும்பினார். ஒருநிற அட்டையில் எழுத்துகள் உறைந்து கிடந்தன. வண்ண அட்டையில் புள்ளிகள் போதவில்லை. அவர் தாமே ஓர் அட்டையைச் செய்தார். ஐபிஎம்மின் அதே ஒருநிறத் திரையில் 720க்கு 348 என ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஏற்றவும் அணைக்கவும் கூடிய அட்டை அது. அதற்கு இட்ட பெயர் ஹெர்குலிஸ். 1982இல் நிறுவனமாகத் தொடங்கினார். உலகெங்கும் கணக்காயர்களும் பொறியாளர்களும் வரைபடம் போடுவதற்காக அந்த அட்டையை வாங்கிக் குவித்தார்கள். தம் மொழியில் எழுதியே தீருவேன் என்று ஆய்வு மாணவர் ஒருவர் பிடித்த பிடிவாதத்திலிருந்து அது பிறந்தது என்பதை வாங்கியவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? கணினி வரலாற்றில் எங்களுக்கு மிகப் பிடித்த நிகழ்ச்சி இதுதான். ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் இதை அடிக்கடி சொல்கிறோம். அவர்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

இந்தியாவிலும் அதே வாயில்தான் வழி திறந்தது. ஐபிஎம் 1978இலேயே இந்தியாவைவிட்டு வெளியேறியிருந்தது. 1984 நவம்பரில் வந்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதியை எளிதாக்கியபின், உறுப்புகளைத் தருவித்துக் கோக்கும் நிறுவனங்கள் பல முளைத்தன. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இந்திய எழுத்துகளுக்காக நடந்த ஆய்வு, பின்னர் 1988இல் புனேயில் தொடங்கிய சி-டாக் நிறுவனத்துக்குச் சென்று, ஜிஸ்ட் அட்டையாக வெளிவந்தது. கணினியின் செருகுவாயில் அந்த அட்டையைப் பொருத்திவிட்டால், ஆங்கிலத்துக்கென்றே எழுதப்பட்ட டாஸ் மென்பொருள்களிலும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைத் தட்டெழுதலாம், திரையில் பார்க்கலாம். ஐபிஎம்மின் ஆணியடித்த பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டியை வைத்ததற்குச் சமம் அது.

அதில் ஒரு விலையும் கொடுத்தோம். பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே அடுக்குமுறை என்ற கொள்கையில், அந்த அட்டையோடு ஒட்டி வளர்ந்த இஸ்கி தரம் 1991இல் இந்தியத் தரமாயிற்று. அதன் முந்தைய வடிவத்தைத்தான் அதே 1991இல் வெளிவந்த யூனிகோடும் பின்பற்றியது. வடமொழியில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று எழுத்துகள் உண்டு. தமிழில் இல்லை. ஆனால் யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று அறைகள் இன்றைக்கும் வெறுமையாகவே கிடக்கின்றன. தாய்ப்பலகையில் விட்ட காலி இடம் ஒரு வகை, இது ஒரு வகை. இதில் யாரும் எதையும் செருகப்போவதில்லை.

*

தொண்ணூறுகளில் அட்டைக்குத் தேவை இல்லாமல் போயிற்று. திரையைப் புள்ளிபுள்ளியாக ஆள்வது எல்லாக் கணினிக்கும் பொதுவான திறனாயிற்று. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் எழுத்தின் வடிவம் சில்லைவிட்டு இறங்கி, வன்தட்டில் வைக்கும் ஒரு கோப்பாயிற்று. அந்தக் கோப்பில் ரோமன் உருவங்களை அழித்துவிட்டுத் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தால் கணினி தமிழ் பேசும். எண் அதேதான், உருவம் மட்டும் வேறு. மூடியின் ஆணி கழன்றது. ஆளுக்கொரு முறையில் அறைகளை நிரப்பினார்கள். ஒருவர் ககரம் வைத்த எண்ணில் இன்னொருவர் மகரத்தை வைத்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தும் ஊரூராய் இருந்த தட்டச்சகங்களில் பழைய முறைகளே தொடர்ந்தன.

அந்த மாநாட்டுக்கு அடுத்த ஆண்டில்தான் எங்கள் கணினி வந்தது. சென்னை ரிச்சி தெருவில் உறுப்பு உறுப்பாக வாங்கிக் கோத்த பெட்டி. தாய்ப்பலகை ஒரு கடை, வன்தட்டு ஒரு கடை, பெட்டி இன்னொரு கடை. அன்றைக்கு ஐபிஎம் கடைப்பிடித்த குறுக்குவழி ஒரு தெருவின் பிழைப்பாகவே ஆகியிருந்தது. விண்டோஸ் 98 ஏற்றித் தந்தார்கள். அதில் யூனிகோடுத் தமிழ் இயல்பாக வராது. அச்சகம் ஒன்றிலிருந்து ஓர் எழுத்துருவை வாங்கி ஏற்றினோம். அந்த எழுத்துருவின் அறைவரிசை எந்தத் தரத்தோடும் ஒத்ததில்லை என்பதை அப்போது நாங்கள் அறியோம். அதில்தான் பாடல்கள் முழுவதையும் தட்டெழுதினோம்.

ஆகவே வட்டுகளில் இருந்தவை எண்கள் மட்டுமே. வடிவங்கள் இந்தப் பெட்டியின் வன்தட்டில் இருந்தன. 1981இன் ஒருநிற அட்டையில் எண் ஓரிடத்திலும் உருவம் ஓரிடத்திலும் இருந்ததைப் போலத்தான். இரண்டில் ஒன்று காயலான் கடைக்குப் போயிருந்தால் மற்றது ஊமை.

நெகிழ்வட்டின் கணக்கு வருமாறு: ஒரு பக்கத்துக்கு 80 தடங்கள், ஒரு தடத்தில் 18 கூறுகள், ஒரு கூறில் 512 பைட், இரண்டு பக்கங்கள். மொத்தம் 14,74,560 பைட். இயக்கிக்குச் செல்லும் பட்டைக் கம்பியின் நடுவே சில இழைகள் மட்டும் முறுக்கித் திருப்பப்பட்டிருந்தன. பழுதென்று எண்ணிவிட வேண்டா. முறுக்குக்கு அப்பால் இருக்கும் இயக்கி ஏ, இப்பால் இருப்பது பி என்று கணினி அறிந்துகொள்வதற்காக ஐபிஎம் 1981இல் செய்த ஏற்பாடு அது. இயக்கிகளைப் பொருத்துபவர் எதையும் திருப்பி அமைக்க வேண்டாதபடி கம்பியே வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்த ஏ, பி இரண்டும் போய்விட்ட இக்காலத்திலும் வன்தட்டு சி என்றே தொடங்குகிறது. ங வரிசையில் எந்தச் சொல்லிலும் வாராத ஙீயையும் ஙூவையும் பிள்ளைகள் இன்றும் எழுதிப் பழகுவதில்லையா!

முதல் வட்டைச் செருகினோம். இயக்கி கரகரவென்று நெடுநேரம் தேடியது. உதவியாளர், "தலை அழுக்கா இருக்கும் ஐயா" என்று சொல்லி, பஞ்சில் ஸ்பிரிட் தோய்த்துப் படிமுனையைத் துடைத்தார். அந்தக் காலத்துக் கேசட் கருவிகளில் பழகிய கை. மறுமுறை கோப்புப் பெயர்கள் வந்தன. திறந்தோம். எழுத்துருவைத் தேர்ந்தவுடன், ரோமன் எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாய்ச் சிதறிக் கிடந்த திரை ஒரு கணத்தில் தாலாட்டாகத் திரும்பியது. நாங்கள் எங்களூர்ப் பேச்சுவழக்கைத் திருத்தாமல் அப்படியே தட்டெழுதியிருந்ததையும் அப்போதுதான் பார்த்தோம். இன்றிருந்தால் திருத்தியிருப்போமோ என்னவோ.

பன்னிரண்டில் ஒன்பது வட்டுகள் முழுமையாகப் படித்தன. இரண்டில் பாதி கிடைத்தது. ஒன்று கடைசிவரை வாய் திறக்கவில்லை. அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் 'ஒப்பாரி - 3' என்று எங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது.

படித்தவற்றை வன்தட்டில் ஏற்றி, வன்தட்டைக் கழற்றி, மாற்றுக்கம்பி ஒன்றின் வழியே புதிய கணினியோடு இணைத்துக் கோப்புகளையும் எழுத்துருவையும் எடுத்துக்கொண்டோம். அறைவரிசையை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு யூனிகோடுக்கு மாற்றும் வேலையில் இரண்டாமாண்டு முதுகலை மாணவர்கள் இருவர் இருக்கிறார்கள். உகர வரிசை முடிந்துவிட்டது, ஊகாரம் நடக்கிறது. வன்தட்டை மீண்டும் பெட்டிக்குள் பொருத்தி, பத்து ரூபாய்க்குப் புதிய மின்கலம் வாங்கிப் போட்டு, தேதியைச் சரிசெய்தோம். உதவியாளர் கழிவுப் பட்டியலின் முதல் வரியை அடித்துவிட்டு, கால் முறிந்த நாற்காலியை அந்த இடத்துக்கு ஏற்றினார்.